மஞ்சப் பையில் ஒரு டப்பா: நாம பார்க்காத டாக்டரின் கதை

போன எபிசோட்ல கோட்டை, போர்னு பேசினோம். இந்த வாரமும் வரலாறுதான், ஆனா ஆரம்பிக்கப் போறது ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல.

வருஷம் 2009. நான் ஏழாவது படிச்சிட்டிருந்தேன். ஊர் திருவண்ணாமலை. இதைச் சொன்னதும் ஆபீஸ்ல எல்லாரும் கேட்கிற கேள்வி, "கிரிவலம் போற ஊரா?" இல்லைங்க. எங்க திருவண்ணாமலை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற சின்ன ஊர். குன்றின் மேல சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கு. தென் திருப்பதின்னு சொல்வாங்க. புரட்டாசி சனிக்கிழமை வந்தா ராஜபாளையம், சிவகாசின்னு எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும்.

அங்கேதான் என் பெரியம்மா வீடு. பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்ன பிறகும் ரத்தப்போக்கு இருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையை எடுத்தாங்க. மறுநாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "மதுரைக்குப் போறோம், துணைக்கு வாடா" என்றார். கையில மஞ்சப் பை. உள்ளே மூடி போட்ட வெள்ளை டப்பா, மேல பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவுல பெரியம்மா பேர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஏறினோம். கண்டக்டர் பையைப் பார்த்துட்டு, "என்னண்ணே, பால்கோவாவா? மேல வைங்க" என்றார். "இல்லப்பா, மருந்து. கால்கிட்டயே இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம். வழி முழுக்க அந்தப் பை என் ரெண்டு காலுக்கு நடுவுல. உள்ள என்ன இருக்குன்னு அவர் சொல்லல. நானும் கேட்கல.

மதுரையில ஒரு லேப். கவுன்ட்டர்ல இருந்த அக்கா சீட்டைப் படிச்சு, டப்பா மேல ஒரு நம்பர் எழுதி, "எட்டு நாள் கழிச்சு வாங்க" என்றார். நான் கேட்டேன், "டாக்டரைப் பார்க்க வேணாமாக்கா?" அவங்க சிரிச்சுட்டுச் சொன்னாங்க: "அந்த டாக்டர் பேஷன்ட்டைப் பார்க்க மாட்டாங்க, தம்பி."

இந்த எபிசோட் அந்த டாக்டரைப் பற்றித்தான். பேத்தாலஜிஸ்ட். தமிழில் நோயியல் நிபுணர். நம்ம அம்மா, அத்தை, அக்கா உடம்புல இருந்து எடுத்த ஒரு துணுக்கைப் பார்த்து, அது என்னன்னு கடைசி வார்த்தை சொல்றவங்க. பில்லுல அவங்களுக்கு ஒரு வரி இருக்கும். அவங்க முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

டப்பாவுக்குள்ள என்ன நடக்குது?

முதல்ல இதன் வேலை முறையைச் சொல்லிடறேன்.

டப்பாவுல இருந்தது கர்ப்பப்பையும் ஃபார்மலினும். உடம்புல இருந்து எடுத்த திசு கொஞ்ச நேரத்திலேயே அழுக ஆரம்பிச்சிடும். ஃபார்மலின் அதை அப்படியே நிறுத்தி வைக்கும். இதைக் கண்டுபிடிச்சதே தற்செயல்தான். 1893-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற டாக்டர் ஃபார்மால்டிஹைடு கிருமியைக் கொல்லுமான்னு சோதிச்சிட்டிருந்தார். வேலை செய்யச் செய்யத் தன் விரல் தோல் விறைச்சுப் போறதைக் கவனிச்சார். தோலை இறுக்கினா மத்தத் திசுவையும் இறுக்குமே என்று யோசிச்சார். இன்னைக்கு உலகம் முழுக்க பயாப்ஸி டப்பாவுல இருப்பது அதுதான்.

லேப்ல பேத்தாலஜிஸ்ட் முதல்ல வெறும் கண்ணால பார்ப்பார். அளப்பார், எடை பார்ப்பார், வெட்டிப் பார்ப்பார். சந்தேகமான இடத்துல இருந்து சின்னச் சின்னத் துண்டு எடுப்பார். அதுல இருக்கிற தண்ணியை ஆல்கஹால் வச்சு வெளியேத்தி, அந்த இடத்துல பாரஃபின் மெழுகை நிரப்புவாங்க. அப்போ திசு ஒரு மெழுகுக் கட்டியா ஆயிடும். இதுக்குப் பேர் பிளாக். அந்தப் பிளாக்கை மைக்ரோடோம்னு ஒரு கருவியில சீவுவாங்க. ஒரு சீவலோட தடிமன் 3 முதல் 5 மைக்ரான், அதாவது தலைமுடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கண்ணாடி ஸ்லைடுல ஒட்டி ரெண்டு சாயம் ஏத்துவாங்க: ஹெமடாக்சிலின், ஈயோசின். செல்லோட கரு நீலமாத் தெரியும், சுத்தி இருப்பது இளஞ்சிவப்பாத் தெரியும். ஹெமடாக்சிலின் மத்திய அமெரிக்காவுல வளர்ற ஒரு மரத்தோட கட்டையில இருந்து வர்ற சாயம். துணிக்குச் சாயம் போடப் பயன்பட்டது, இப்போ நம்ம செல்லுக்குச் சாயம் போடுது.

இதெல்லாம் முடிஞ்சுதான் மைக்ரோஸ்கோப். "எட்டு நாள்"னு சொன்னது இதுக்கெல்லாம்தான்.

கண்ணால பார்த்தா போதாதா?

இப்போ வரலாற்றுக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டு பாதி வரைக்கும் கர்ப்பப்பை வாயில புண் இருக்கா, புற்று இருக்கான்னு டாக்டர்கள் கண்ணாலயும் விரலாலயும்தான் முடிவு பண்ணினாங்க. அனுபவம் உள்ள டாக்டர் "இது புற்று" என்றால் புற்று. கர்ப்பப்பையை எடுப்பது அன்னைக்கு உயிரைப் பணயம் வைக்கிற ஆபரேஷன். கண்ணால பார்த்தது தப்பா இருந்தா?

1878-ல் பெர்லினில் கார்ல் ரூகே, யோஹான் ஃபைட் என்ற ரெண்டு பேர் ஒரு விஷயத்தை வலியுறுத்தினாங்க: முதல்ல ஒரு சின்னத் துண்டை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க. அடுத்த வருஷம், 1879-ல், பிரெஞ்சு டாக்டர் எர்னெஸ்ட் பெனியே இந்த மாதிரி உயிரோட இருக்கிறவர்கிட்ட இருந்து திசு எடுத்துப் பார்ப்பதற்கு "பயாப்ஸி"ன்னு பேர் வச்சார். பேத்தாலஜின்னா அதுவரைக்கும் பெரும்பாலும் பிணவறை வேலை. ஒருத்தர் ஏன் இறந்தார்னு இறந்த பிறகு சொல்ற வேலை. உயிரோட இருக்கிற பொண்ணுக்கு என்னன்னு சொல்ற வேலையா அது மாறினதுல, பெண்கள் நோய்க்கு இப்படி ஒரு முக்கியமான பங்கு இருக்கு.

புற்று மட்டும் இல்ல. குழந்தை இல்லைன்னு வர்றவங்களுக்குக் கர்ப்பப்பை உள் சவ்வுல இருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தா, நம்ம நாட்டுல சில சமயம் காசநோய் தெரியவரும். இருமல் இருக்காது, சளி இருக்காது, ஸ்லைடுலதான் தெரியும். நம்ம பக்கம் பெரியவங்க "முத்துப்பிள்ளை"ன்னு சொல்வாங்களே, கரு வளராம திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கட்டியா ஆகிறது? கலைச்ச பிறகு அந்தத் திசுவைப் பார்த்து, அது எந்த வகைன்னு பேத்தாலஜிஸ்ட்தான் சொல்லணும். ஏன்னா அதுல சில பேருக்குப் பின்னாடி புற்றாக மாறலாம். தெரிஞ்சா தொடர்ந்து ரத்தப் பரிசோதனை பண்ணிக் கண்காணிக்கலாம், மாறினாலும் மருந்துலயே குணப்படுத்தலாம். தெரியலைன்னா "கரு கலைஞ்சிருச்சு"ன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

கம்பளம் வித்த விஞ்ஞானி

பயாப்ஸியில ஒரு சிக்கல் இருக்கு. சந்தேகம் வந்த பிறகுதான் எடுப்போம். அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

ஜார்ஜ் பாப்பனிகொலாவ் 1883-ல் கிரீஸ் நாட்டின் கிமி என்ற ஊரில் பிறந்தவர். 1913-ல் மனைவி ஆந்த்ரோமாகியோட நியூயார்க் வந்து இறங்கினார். ஆங்கிலம் சரியா வராது. ஒரு பெரிய கடையில கம்பளம் விக்கிற வேலைக்குப் போனார். மனைவி அதே கடையில பட்டன் தைத்தார். அப்புறம் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி வேலை. கினிப் பன்றியோட கருமுட்டை எப்போ வெளிவருதுன்னு பார்க்க, அதோட பிறப்புறுப்புச் செல்களைத் தினமும் எடுத்துப் பார்த்தார். அப்புறம் மனுஷங்களுக்கு இப்படிப் பார்க்கலாமேன்னு ஆரம்பிச்சார். முதல் ஆள் அவர் மனைவி. பல வருஷம் தினமும் தன் செல் மாதிரியைக் கொடுத்தது ஆந்த்ரோமாகிதான். பேர் என்னவோ கணவர் பேர்லதான் இருக்கு: "பேப்" ஸ்மியர்.

1928-ல் புற்றுச் செல்லையும் இப்படிக் கண்டுபிடிக்க முடியும்னு ஒரு மாநாட்டுல சொன்னார். யாரும் பெருசா எடுத்துக்கல. கிட்டத்தட்ட அதே காலத்துல ருமேனியாவில் ஆரெல் பாபெஷ் என்ற பேத்தாலஜிஸ்ட் தனியா இதே யோசனைக்கு வந்து, 1928-ல் ஒரு பிரெஞ்சு இதழில் எழுதியும் இருந்தார். அவரையும் உலகம் மறந்திருச்சு. "துண்டு எடுத்துப் பார்க்க முடியும்போது உதிர்ந்த செல்லை ஏன் பார்க்கணும்?" என்பதுதான் அன்னைக்குப் பேத்தாலஜிஸ்ட்கள் பலரோட நினைப்பு. 1941-ல் ஹெர்பெர்ட் டிராவுட் என்ற மகப்பேறு டாக்டரோட சேர்ந்து பாப்பனிகொலாவ் மறுபடி எழுதின பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. 1949-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பேப் ஸ்மியர் திட்டம் ஆரம்பிச்சது. அப்புறம் ஃபின்லாந்து மாதிரி நாடுகள் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோதிச்சாங்க. கர்ப்பப்பை வாய்ப் புற்று அங்கெல்லாம் மளமளன்னு இறங்கிச்சு.

ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு உழைப்பு இருக்கு. ஒரு ஸ்லைடுல பல ஆயிரம் செல். அதுல பத்து செல் மட்டும் கோளாறா இருக்கலாம். அதை ஒரு மனுஷர் உட்கார்ந்து தேடணும். டெஸ்டிங் டீம்ல இருக்கிற நண்பர்களுக்கு இந்த வலி புரியும்: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தடவை "பாஸ்" பார்த்த கண்ணு ஆயிரமாவது ஃபெயிலைத் தவறவிடும்.

அது நடக்கவும் செஞ்சது. 1987-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை அமெரிக்க லேப்களைப் பற்றி எழுதிச்சு. ஸ்லைடுக்கு இவ்வளவுன்னு கூலி பேசி, ஊழியர்கள் ஒரு நாளைக்கு அளவுக்கு மீறிய ஸ்லைடுகளைப் பார்த்துத் தள்ளிட்டிருந்தாங்க. "நார்மல்"னு ரிப்போர்ட் வாங்கிட்டுப் போன பெண்கள் புற்றுநோயோட திரும்பி வந்தாங்க. அதுக்குப் பிறகு 1988-ல் வந்த சட்டத்தின் கீழ், ஒருத்தர் 24 மணி நேரத்துல 100 ஸ்லைடுக்கு மேல பார்க்கக் கூடாதுன்னு வரம்பு வச்சாங்க.

திண்டுக்கல்லில் வினிகர்

சரி, நம்ம ஊர்?

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் ஆரம்பிச்சது. தொடங்கினவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டுப் போகல. அங்கே வந்த பெண்கள்ல ஏராளமானவங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. பெரும்பாலானவங்க முத்தின நிலையில வந்தாங்க.

பேப் ஸ்மியரை நம்ம கிராமத்துக்குக் கொண்டு போறதுல என்ன கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. மாதிரி எடுக்கணும், ஸ்லைடைப் பதப்படுத்தணும், லேபுக்கு அனுப்பணும், பயிற்சி பெற்றவங்க பார்க்கணும், சந்தேகம்னா பேத்தாலஜிஸ்ட் பார்க்கணும், ரிசல்ட் திரும்பி வரணும், அந்தப் பொண்ணை மறுபடி கூப்பிடணும். அன்னைக்குக் கூலி வேலையை விட்டுட்டு வந்தவங்க மறுபடி வருவாங்களா? இதை மூணு வருஷம், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்யணும். இதுல எங்க அறுந்தாலும் அந்த ஸ்லைடு வீண்.

இதுக்கு ஒரு மாற்று வந்தது: நீர்த்த அசிட்டிக் அமிலம், சுருக்கமா வினிகர். கர்ப்பப்பை வாயில தடவிட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தா, கோளாறான இடம் வெள்ளையாத் தெரியும். இன்னொண்ணு அயோடின். நல்ல செல்லுல கிளைக்கோஜன் இருக்கும், அயோடின் பட்டா பழுப்பாகும். கோளாறான செல் மஞ்சளாவே நிக்கும். இந்த அயோடின் சோதனையை 1930-கள்ல பிரபலமாக்கினவர் வியன்னாவின் வால்டர் ஷில்லர். அவரும் ஒரு பேத்தாலஜிஸ்ட்தான்!

2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கை என்ற ஊரில் இருக்கிற கிறிஸ்தவ சுகாதார மையம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்ந்து நடத்தினது. முகமை தரப்பில் தலைமை தாங்கினவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். 30 முதல் 59 வயதுப் பெண்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வினிகர் தடவிப் பார்த்தாங்க. வெள்ளையாத் தெரிஞ்சா அங்கேயே கோல்போஸ்கோப்ல பார்த்துத் துணுக்கு எடுத்தாங்க. முடிஞ்சவங்களுக்கு அன்னைக்கே உறைநிலைச் சிகிச்சையும் கொடுத்தாங்க.

எண்ணிக்கை சொல்றேன். சோதனைக்கு வந்தவங்க 31,343 பேர். பாசிட்டிவ் 3,088. பயாப்ஸி எடுத்தது 2,539 பேருக்கு. புற்றுக்கு முந்தைய மாற்றம் 1,874 பேருக்கு. அதுல 72 சதவீதம் பேர் சிகிச்சை எடுத்தாங்க. 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனை நடந்த பகுதியில் புதுசா புற்று வர்றது 25 சதவீதம் குறைவு, புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைவு.

முதல் தடவை இதைப் படிச்சப்போ எனக்குத் தோணினது, "அப்போ பேத்தாலஜிஸ்ட் இல்லாமலேயே ஜெயிச்சிட்டாங்க." மறுபடி படிச்சப்போதான் அந்த 2,539 கண்ணுல பட்டது. ஒவ்வொண்ணும் ஒரு டப்பா. எங்கேயோ ஒரு அறையில உட்கார்ந்து யாரோ ஒருத்தர் எல்லாத்தையும் பார்த்திருக்காங்க. வெள்ளையாத் தெரிஞ்சதெல்லாம் ஆபத்து இல்ல. வெறும் அழற்சியும் வெள்ளையாத் தெரியும். எது எதுன்னு பிரிச்சது ஸ்லைடுதான். அந்தக் கணக்கு இல்லாம 25, 35 என்ற எண்ணும் இல்ல.

இதுல ஒரு கசப்பான பக்கமும் இருக்கு, அதை மறைச்சுட்டுப் போக முடியாது. ஒப்பிடறதுக்காக இன்னொரு பகுதியில் 30,958 பெண்களை ஆய்வு கணக்குல வச்சாங்க. அவங்களுக்கு இந்தச் சோதனை இல்ல, வழக்கமா கிடைக்கிற வைத்தியம் மட்டும். அந்தப் பக்கம் 92 பேர் கர்ப்பப்பை வாய்ப் புற்றால இறந்தாங்க. இந்தியாவில் நடந்த இந்த மாதிரி ஆய்வுகளைக் கடுமையா விமர்சிச்சவர்கள்ல ஒருத்தர் எரிக் சூபா என்ற அமெரிக்கப் பேத்தாலஜிஸ்ட். ஸ்கிரீனிங் உயிரைக் காப்பாத்தும்னு உலகத்துக்கு ஏற்கெனவே தெரியுமே, அப்போ ஒரு கூட்டத்தை ஏன் சும்மா விட்டீங்க என்பது அவர் கேள்வி. அன்னைக்கு அங்கே எந்தச் சோதனையும் நடைமுறையில் இல்ல, வினிகர் சோதனை உயிரிழப்பைக் குறைக்கும்னு நிரூபிக்கப்படவும் இல்ல என்பது ஆய்வாளர்கள் பதில். எனக்கு ரெண்டு பக்கமும் புரியுது. ஆனா அந்த 92 பேர்ல ஒருத்தரோட மகன் என் வயசுல இருப்பான்ல? அவன்கிட்ட நான் இந்தப் பதிலைச் சொல்ல மாட்டேன்.

2007-ல் தமிழ்நாடு அரசு இந்த வினிகர், அயோடின் சோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமா ஆரம்பிச்சது. பின்னாடி மாநிலம் முழுக்க வந்தது. இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல 30 வயசு தாண்டின பெண்கள் காசு இல்லாம இந்தச் சோதனையைச் செய்துக்கலாம்.

ரெண்டாவது டப்பா

எட்டு நாள் கழிச்சு பெரியப்பா மட்டும் மதுரை போனார். ரிப்போர்ட்ல ரெண்டு விஷயம் இருந்தது. கர்ப்பப்பையில சாதாரண நார்க்கட்டி. கர்ப்பப்பை வாயில, ஆபரேஷன் பண்ண டாக்டர் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன இடத்துல, ஆரம்பநிலைப் புற்று. பெரியம்மா மதுரையில கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தாங்க. இன்னைக்கும் புரட்டாசி சனிக்கிழமை குன்று ஏறுறாங்க. இந்த எபிசோடுக்கு அனுமதி கேட்டப்போ சொன்னாங்க: "எம் பேரு வேணாம்யா. விஷயத்தச் சொல்லு, நாலு பொம்பளைக்கு ஆகும்."

இப்போ அத்தை. அப்பாவோட தங்கச்சி. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில தறி வேலை. அந்த ஊர்ல நெய்யிறது பேண்டேஜ் துணி. நீங்க ஆஸ்பத்திரியில பார்க்கிற வெள்ளைத் துணி எங்க பக்கத்துல இருந்து வந்ததா இருக்கலாம். அத்தைக்கு 2011-ல் அதிக ரத்தப்போக்கு. ஒரு நர்சிங் ஹோம்ல கர்ப்பப்பையை எடுத்தாங்க. முன்னாடி பேப் ஸ்மியர் எதுவும் எடுக்கல. ஆபரேஷன் முடிஞ்சதும் வெளியே ட்ரேயில வச்சு மாமாகிட்டக் காட்டினாங்க. "கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல. பயாப்ஸிக்கு அனுப்பணும்னா தனியா காசு ஆகும். அனுப்பவா?"

மாமா ஏற்கெனவே வட்டிக்கு வாங்கித்தான் ஆபரேஷன் செலவு பண்ணியிருந்தார். "டாக்டரே ஒண்ணுமில்லைங்கிறாக. பெறகெதுக்கு?" என்று வேண்டாம்னுட்டார். மிச்சமானது சில நூறு ரூபாய்.

2014-ல் அத்தைக்கு மறுபடி ரத்தம் வந்தது. கர்ப்பப்பையே இல்லாதவங்களுக்கு எப்படி? மதுரையில பார்த்த டாக்டர் துணுக்கு எடுத்து அனுப்பினார். புற்று. அவர் கேட்ட முதல் கேள்வி, "2011-ல எடுத்தீங்களே, அந்த பயாப்ஸி ரிப்போர்ட் எங்க? சரி, ரிப்போர்ட் இல்லைன்னாலும் பிளாக் இருக்கா? ஸ்லைடு இருக்கா?"

எதுவும் இல்ல. 2011-லேயே புற்று இருந்ததா, இல்ல பின்னாடி வந்ததா, எந்த வகை, எதுவும் சொல்ல முடியாது. அத்தை 2015 தையில போயிட்டாங்க.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தது. லாக் எடுத்துப் பார்க்கலாம்னு போனா, இடம் மிச்சம் பண்ண யாரோ லாக்கை அணைச்சு வச்சிருக்காங்க. என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்க வழியே இல்ல. அந்த நிமிஷம் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. சர்வரைத் திரும்ப எழுப்பிட்டோம், அது வேற.

மாமாவை யாரும் குறை சொல்லல. ஆனா அவர் இன்னைக்கு வரைக்கும் அந்த நர்சிங் ஹோம் இருக்கிற தெரு வழியா போறதில்ல. "அனுப்பவா?"ன்னு கேட்டதே தப்பு என்பது என் கட்சி. அது காசு கொடுக்கிறவர்கிட்டக் கேட்கிற கேள்வி இல்ல. உடம்புல இருந்து எடுத்த கர்ப்பப்பை பேத்தாலஜிஸ்ட் கிட்டப் போறது அந்த ஆபரேஷனோட ஒரு பகுதி.

ஸ்லைடு பேசும்

கடைசியா ஒரு கதை. 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் ரத்தப்போக்குன்னு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கர்ப்பப்பை வாய்ப் புற்று. அந்த வருஷம் அக்டோபர்லயே 31 வயசுல இறந்துட்டார். அவரைக் கேட்காமலே எடுத்த செல்தான் உலகம் முழுக்க லேப்கள்ல இன்னைக்கும் வளர்ற ஹீலா செல். இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது: அவர் பயாப்ஸியைப் பார்த்து அன்னைக்குச் சொன்ன புற்று வகை தப்பு. கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு அவருக்கு வைத்தியம் பார்த்தவங்க பழைய ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்த்தப்போதான், அது இன்னும் வேகமாப் பரவக்கூடிய சுரப்பி வகைப் புற்றுன்னு தெரிஞ்சது. 1980-கள்ல ஹரால்ட் ஸுர் ஹவுஸன் குழு எச்பிவி வைரஸ்தான் இந்தப் புற்றுக்குக் காரணம்னு காட்டினப்போ, ஹீலா செல்லுக்குள்ள அந்த வைரஸோட 18-ம் வகை இருந்தது. 2008-ல் ஹவுஸனுக்கு நோபல் பரிசு.

பேத்தாலஜிஸ்ட் தப்பே பண்ண மாட்டாங்கன்னு நான் சொல்லல. பண்ணுவாங்க. ஆனா ஸ்லைடு இருந்தா இன்னொருத்தர் பார்த்துத் திருத்தலாம். டப்பா குப்பைக்குப் போச்சுன்னா திருத்த எதுவும் இல்ல.

2022 கணக்குப்படி இந்தியாவில் ஒரு வருஷத்துல சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதுசா கர்ப்பப்பை வாய்ப் புற்று, சுமார் 80,000 பேர் இறப்பு. இன்னைக்குத் தடுப்பூசி இருக்கு, எச்பிவி சோதனை இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2030-க்குன்னு ஒரு இலக்கு வச்சிருக்கு: 15 வயசுக்குள்ள 90 சதவீதப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயசுக்குள்ளயும் மறுபடி 45 வயசுக்குள்ளயும் சோதனை, நோய் கண்டவங்கள்ல 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. இதுல எந்த வழியில போனாலும் சந்தேகம்னு வந்தா கடைசியில ஒரு துணுக்கு அந்த டாக்டர் மேசைக்குத்தான் போகும்.

நீங்க செய்ய வேண்டியது மூணு விஷயம். ஒண்ணு, அம்மாவோ அத்தையோ 30 தாண்டியிருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சோதனை பண்ணச் சொல்லுங்க. "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்வாங்க. கூடவே போங்க. ரெண்டு, வீட்ல யாருக்காவது கர்ப்பப்பையோ கட்டியோ எடுத்தா, "பயாப்ஸிக்குப் போச்சா, எந்த லேப், எப்போ ரிப்போர்ட்?"னு கேளுங்க. கூச்சப்படாதீங்க. மூணு, அந்த ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு ஃபைல்ல வைங்க. பழைய பிளாக், ஸ்லைடு தேவைப்பட்டா லேப்ல கேட்டு வாங்கி வேற டாக்டர்கிட்டக் காட்டலாம். எவ்வளவு நாள் வச்சிருப்பாங்கன்னு அப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில அந்த 2009 ரிப்போர்ட் இருக்கு, மடிச்ச இடத்துல கிழிஞ்சு போய். கீழே ஒரு கையெழுத்து. பேர் சரியாப் படிக்க முடியல. பெரியம்மா அந்தக் கையெழுத்தைக் காட்டி, "இது ஆம்பள டாக்டரா, பொம்பள டாக்டராய்யா?"ன்னு கேட்டாங்க. தெரியல பெரியம்மான்னு சொன்னேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.